பட்டணத்திலிருந்தே கொடிமலைக்கு: 27 கிலோமீட்டர் நடைக்குத் தடம் அமைத்த குறிப்பு

கொடிமலைக்கு ஜீப் பாதையில் ஏறுகிறவர்கள் பினாங்கில் ஏராளம். ஞாயிறு விடிந்தால் தாவரவியல் பூங்கா வாசலில் காடி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாசல் வரை வண்டியில் வந்து, ஏறி இறங்கி, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீடு திரும்பினால் மொத்தம் 10 கி.மீ. நடை. நல்ல உடற்பயிற்சிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனோடு ஜார்ஜ்டவுன் பட்டணத்திலிருந்து பூங்கா வரையுள்ள 7 கி.மீ.யைப் போகவும் வரவும் சேர்த்து, உச்சியில் இன்னும் கொஞ்சம் சுற்றினால் 27 கி.மீ. ஆகிறது. அப்போது கணக்கே மாறிவிடும். 10 கி.மீ.யில் காலுறை பருத்தியா நைலானா என்பது ஒரு பொருட்டில்லை. ஒரு போத்தல் தண்ணீர் போதும். மழை வந்தால் நனைந்துகொண்டே இறங்கிவிடலாம். 27 கி.மீ.யில் இவற்றில் ஏதாவது ஒன்று போதும், நடை பாதியில் நின்றுபோக. சாகசம் தேடி நேபாளம் வரை டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான்: முன்கூட்டியே கணக்குப் போடாமல் முடிக்க முடியாத ஒரு நாள். அது லிட்டில் இந்தியாவிலிருந்தே தொடங்குகிறது, பஸ் கட்டணச் செலவில்.

தடம்

புறப்படும் இடம் லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயில் வாசல். 1833இல் எழுந்த கோயில். விளக்கு வெளிச்சம் உள்ள இடம், தேடி வருகிற யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து லெபோ சூலியா, ஜாலான் பினாங், கொம்தார் கோபுரத்தடி, ஜாலான் மெக்காலிஸ்டர், ஜாலான் உத்தாமா, ஜாலான் கெபுன் புங்கா. கடைசிச் சாலையில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலும் இருக்கின்றன. பூங்கா வாசல் வரை சுமார் 7 கி.மீ., பெரும்பாலும் சமதளம். தைப்பூசத்துக்கு வெள்ளி இரதத்தின் பின்னால் போனவர்களுக்கு இந்தத் தூரம் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் இருக்கும், சாலையே நடப்பவர்களுக்காக ஒதுங்கி நிற்கும். சாதாரண நாளில் இரண்டும் கிடையாது.

பூங்கா வாசலை ஒட்டி ஜீப் பாதை தொடங்குகிறது. சுமார் 5 கி.மீ. நீளம், ஏறக்குறைய 650 மீட்டர் ஏற்றம். சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 13 மீட்டர் உயர்கிறது. சராசரி என்பதால் சில வளைவுகள் இதைவிட மோசமாகவே இருக்கும். ஏறுகிற வழியில் ‘84’ என்று எல்லாரும் சொல்லும் ஓய்வுக் குடில் வரும். அங்கே சுடச்சுட ஏதாவது கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பித் தண்ணீரைக் குறைத்து எடுத்துப் போகக் கூடாது. உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயில், பள்ளிவாசல், உணவுக் கடைகள், கழிப்பறை. அங்கிருந்து மலையின் மிக உயர்ந்த இடமான மேற்கு மலைப் பக்கம் (833 மீட்டர்) சாலையிலேயே போய்த் திரும்ப 3 கி.மீ.யைவிடச் சற்று அதிகம். பிறகு வந்த வழியே இறக்கம்.

தூரத்தை அளக்கும்போது இரண்டு பிழைகள் வரும். வரைபடச் செயலியில் விரலால் கோடு இழுத்தால் கொண்டை ஊசி வளைவுகள் நேராகி, தூரம் குறைத்துக் காட்டும். கைப்பேசியின் ஜி.பி.எஸ். பதிவோ அடர்ந்த மரத்தடியில் அங்கும் இங்கும் தாவி, தூரத்தைக் கூட்டிக் காட்டும். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உயரத்தில் ஜி.பி.எஸ். இன்னும் மோசம், ஒரே இடத்தில் நின்றாலும் 20, 30 மீட்டர் மாறும். உயரத்தை வரைபடத்தின் சமவுயரக் கோடுகளிலிருந்து எடுப்பதே நல்லது. தடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளவும். மலையின் சில மடிப்புகளில் சமிக்ஞை போய்விடும்.

நேரம்

மலை நடைக்கு நேரம் கணிக்க 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தந்த விதி இன்றும் கைகொடுக்கிறது: ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஜீப் பாதைக்கு இதைப் போட்டால் 2 மணி 5 நிமிடம் வரும். ஆனால் அது ஸ்காட்லாந்துக் குளிரில் நடந்தவரின் விதி. இங்குள்ள புழுக்கத்துக்கு இன்னொரு கால் பங்கைக் கூட்டினால் 2 மணி 35 நிமிடம். முதல் முறை ஏறுகிறவருக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது வெயில். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. பினாங்கு இருக்கும் தீர்க்கரேகையில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1:20க்கு. விடிவது 7:00 முதல் 7:35க்குள், மாதத்தைப் பொறுத்து. அதனால் காலை 10 மணிக்கு இங்கே வெயில் பிஞ்சுதான். பிற்பகல் 3 மணிக்கு அடிப்பது, தமிழ்நாட்டில் ஏறக்குறைய இரண்டு மணிக்கு அடிப்பதைப் போல. ‘நான்கு மணி ஆகிவிட்டது, வெயில் தாழ்ந்திருக்கும்’ என்று கிளம்புகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

இந்த இரண்டையும் வைத்துப் போட்ட கால அட்டவணை: 5:45க்கு லெபோ குவீன். 7:15க்குப் பூங்கா வாசல், அப்போதுதான் வெளிச்சம் வரும். கால் மணி நேரம் நின்று, கழிப்பறை முடித்து, 7:30க்கு ஏற்றம். 10:15 வாக்கில் உச்சி. சாப்பிட்டு, மேற்கு மலைப் பக்கம் போய் வர 12:00. உடனே இறங்கினால் 1:30க்குப் பூங்கா வாசல். அதாவது சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது தார்ச் சாலையில் 7 கி.மீ. பாக்கி. இந்தத் தடத்தின் பலவீனமே இந்தக் கடைசி 7 கி.மீ.தான்.

இதற்குத் தீர்வு பருவத்தைப் பொறுத்தது. ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவு. அப்போது 3 மணி வரை உச்சியிலேயே இருந்துவிடலாம். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 0.6 பாகை குறைவதால் கீழே 32 என்றால் மேலே 28க்குள் இருக்கும். 4:30க்கு அடிவாரம், 6:15க்குப் பட்டணம், இருட்டுவதற்கு முன். செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை ஏறக்குறைய நிச்சயம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கு மலைச் சுற்றை விட்டுவிட்டு 11 மணிக்கே இறங்கி, பூங்கா வாசலில் நடையை முடித்து 10ஆம் எண் பஸ்ஸில் ஏறுவதே புத்தி. அன்றைக்குக் கணக்கு 17 கி.மீ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மழையும் இடியும்

மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் கேட்டால் இடி 10 கி.மீ. வட்டத்துக்குள் வந்துவிட்டது, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். தூண் மட்டும் உள்ள திறந்த குடில் மழைக்கு ஒதுங்கத்தான் ஆகும், மின்னலுக்கு அல்ல.

மின்னலைவிட இந்த மலையில் அதிகம் கவனிக்க வேண்டியது மண். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் கொடிமலைச் சரிவுகள் பல இடங்களில் சரிந்து சாலை துண்டிக்கப்பட்டது. கருங்கல்லின் மேல் படிந்த மண் நாள் கணக்கில் ஊறிய பிறகு, கடைசி நாள் மழை சிறிதாக இருந்தாலும் வழுக்கி இறங்கும். ஆகவே பார்க்க வேண்டியது அன்றைய வானத்தை மட்டுமல்ல, முந்தின மூன்று நான்கு நாள் மழையையும். சரிவிலிருந்து புதிதாகச் செம்மண் நீர் வடிந்தால், பாதையில் புது விரிசல் தெரிந்தால், திரும்பிவிடுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நடையைத் தள்ளிப்போட வேண்டும். ஏற்றத்தில் ஒருவர் இழுக்கும் காற்று, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு.

துண்டு துண்டாகச் சோதிப்பது

முழுத் தடத்தையும் முதல் முறையே நடக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டும் உடம்பின் வெவ்வேறு இடத்தைச் சோதிக்கிறது. சமதளம் பாதத் தோலை, ஏற்றம் மூச்சை, இறக்கம் தொடையை.

முதலில் சமதளம்: லிட்டில் இந்தியாவிலிருந்து பூங்கா போய்த் திரும்ப 14 கி.மீ. இருட்டில் தொடங்குவதால் தலைவிளக்கும் பையின் பின்புறம் ஒளி திருப்பும் பட்டையும் வேண்டும். பட்டணத்துக்குள் அஞ்சடியில் (கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) நடப்பது அழகாகத் தோன்றும், ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். படி எங்கே வருகிறது என்று இருட்டில் தெரியாது. பழைய ஓட்டுத் தரை ஈரமானால் எண்ணெய் தடவியது மாதிரி. மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது பாதுகாப்பு. லோங்காங் (சாக்கடை) மூடிகளின் மேல் மிதிக்க வேண்டாம். உடைந்தது எது, வெறுமனே வைத்திருப்பது எது என்று மேலிருந்து தெரியாது.

அடுத்து ஏற்றம் மட்டும். வாசலிலிருந்து ஏறி, கேபிள் ரயிலில் ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கி, 204ஆம் எண் பஸ். 1923இல் ஓடத் தொடங்கிய இந்தச் சாய்வு ரயிலில் 2011இல் புதுப் பெட்டிகள் வந்தன. மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) இருந்தால் கட்டணம் குறைவு, மறக்காமல் எடுத்துப் போகவும். பராமரிப்புக்காக மூடும் நாள்கள் உண்டு, முன்கூட்டியே பார்த்துவிடவும்.

ஏற்றத்தில் பெரும்பாலோர் தவறுவது முதல் கிலோமீட்டரில். அடிவாரத்தில் உடம்பு புதிதாக இருக்கும், வேகம் கூடிவிடும், அரை வழியில் தொடை கனத்துவிடும். பேச்சு சோதனை போதும்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லையென்றால் வேகம் அதிகம். செங்குத்தான வளைவில் அடியைச் சிறிதாக்கி, குதிகாலைத் தரையில் பதிய விடுங்கள். முன்பாதத்தில் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் முதலில் பிடித்துக்கொள்ளும். வளைவின் உட்பக்கம் செங்குத்து அதிகம். வெளிப்பக்கமாக அகலச் சுற்றினால் பத்தடி கூடினாலும் சாய்வு குறையும். ஜீப் சத்தம் கேட்டதும் ஓட்டுநர் கண்ணில் படுகிற பக்கமாக ஒதுங்கி நின்றுவிட வேண்டும். காதில் பாட்டுக் கருவி வேண்டாம்.

மூன்றாவது இறக்கம், முழு நடைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன். இதைத் தவிர்க்கவே கூடாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அந்த வேலையில்தான் தசை நார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. வலி அன்றைக்கு வராது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வரும். நல்லது என்னவென்றால், ஒரு முறை இப்படி வலி கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை எளிதாகத் தாங்கும். சோதனை நடையின் பயனே அதுதான். இறங்கும்போது முழங்காலை விறைப்பாக நீட்டி ஊன்றாமல் சற்று மடக்கியே வைத்து, அடியைச் சிறிதாக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் இறங்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கும், பாசி படிந்த சிமெண்டில் அப்படியே உட்கார வைத்துவிடும். கைத்தடி இருந்தால் இறக்கத்துக்கு 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள், நுனியில் ரப்பர் மூடி இருக்கட்டும்.

காலணி: நடைக்கு முன் பார்க்க வேண்டியது

நம் ஊரில் மலைக் காலணியின் அடிப்பாகம் நடுவழியில் கழன்று விழுவதை அடிக்கடி பார்க்கலாம். அதுவும் ‘புதுசு மாதிரிதான் இருந்தது, பெட்டியிலேயே வைத்திருந்தேன்’ என்ற காலணியில். பெட்டியில் வைத்திருந்ததுதான் காரணம். பல மலைக் காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் அந்த மூலக்கூறுகளின் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இன்னும் வேகமாக. ஆகவே வயதை வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, தயாரித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பல காலணிகளில் நாக்கின் உட்புறச் சீட்டில் அது இருக்கும். ஓட்டக் காலணிகளில் பெரும்பாலும் இருக்கும் ஈ.வி.ஏ. நுரைக்கு இந்த நோய் இல்லை, அது தட்டையாகிப்போகும், அவ்வளவுதான். தார்ச் சாலையே முக்கால்வாசியான இந்தத் தடத்துக்குக் கனமான மலைக் காலணியைவிட, பிடிப்புள்ள ஓட்டக் காலணியே பொருத்தம்.

சோதிக்கும் முறை: நடு அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பி வந்தால் சரி. நகத்தில் மாவு போல ஒட்டினால், பிசுபிசுத்தால், வளைக்கும்போது மெல்லிய விரிசல்கள் தெரிந்தால் அந்தக் காலணி முடிந்தது. பசை போட்டுப் பயனில்லை, ஏனென்றால் பசை ஒட்டிக்கொள்ள வேண்டிய நுரையே உதிர்கிறது.

நுரை நன்றாக இருந்து, வெளி ரப்பர் மட்டும் விரல் பக்கம் வாய் பிளந்திருந்தால் வீட்டிலேயே ஒட்டலாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிறக் காலணிப் பசை, 80ஆம் எண் மணல்தாள், முடி உலர்த்தி, பழைய சைக்கிள் டியூப் ஒன்று, துடைக்க ஆல்கஹால். பிளந்த வாயை இன்னும் ஒரு செ.மீ. கூடத் திறந்து, பழைய பசையைச் சூடுகாட்டிச் சுரண்டி எடுக்கவும். இரு பக்கமும் பளபளப்பு போய் மங்கும் வரை மணல்தாளால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காய விடவும். இரு பக்கமும் மெல்லிய பூச்சு. நுரைப் பக்கம் முதல் பூச்சை உறிஞ்சிவிடுவதால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு பூச்சு. பிறகு 10 முதல் 15 நிமிடம் சும்மா விட வேண்டும், விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும் வரை.

இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதால்தான் பெரும்பாலான வீட்டுப் பழுதுபார்ப்புகள் பிரிந்து வருகின்றன. ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் பசையிலுள்ள கரைப்பான் உள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் போகும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மை பூக்கும். அந்தப் பூச்சு பிடிக்காது, துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பதம் வந்ததும் இரு பக்கமும் லேசாகச் சூடு காட்டி, விரல் நுனியிலிருந்து தொடங்கிச் சரியாகப் பொருத்தவும். தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஓரங்களைச் சுத்தியால் தட்டி, டியூப்பை நீளத் துண்டாக வெட்டி இறுக்கிச் சுற்றி, 24 மணி நேரம் தொடாமல் வைக்கவும். சூப்பர் குளூ வகை ஆகாது. காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்து, பத்து முறை காலணி மடங்குவதற்குள் உடையும். முன்முனையில் மட்டும் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து நாலு தையல் போட்டுக்கொண்டால் கவலை இல்லை.

வழியில் கழன்றால்? இரண்டு மீட்டர் துணி ஒட்டுநாடாவைத் தண்ணீர்ப் போத்தலைச் சுற்றி ஒட்டி வைத்திருங்கள், நாலு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையும் பையில் இருக்கட்டும். இவற்றைப் பாதத்தின் நடுப்பள்ளத்தில் சுற்றிக் கட்ட வேண்டும். முன்பாதத்தில் போட்டால் தார் அதை ஒரு கிலோமீட்டரில் தேய்த்துவிடும்.

பாதம்

கொப்புளம் உராய்வால் மட்டும் வருவதில்லை. ஈரத்தில் ஊறி மென்மையான தோல், உள்ளே எலும்பு நகர, வெளியே காலுறையோடு ஒட்டிக்கொண்டு இழுபடுவதால் வருகிறது. எனவே பருத்திக் காலுறை வேண்டாம், அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய நைலான் அல்லது கம்பளிக் கலப்பு இரண்டு ஜோடி; உச்சியில் மாற்றுவதற்கு ஒன்று. மாற்றும்போது பத்து நிமிடம் வெறுங்காலைக் காற்றாட விடுங்கள். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், பகல் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும்.

எங்கேயாவது சூடாக, உறுத்தலாகத் தெரிந்தால் அடுத்த ஓய்விடம் வரை தள்ளிப்போடாமல் அங்கேயே நின்று ஒட்டுத்துணி போட வேண்டும். கொப்புளமாகிவிட்ட பிறகு செய்யக்கூடியது குறைவு. தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாஸ்லின் தடவிக்கொள்ளவும். தேங்காய் எண்ணெய் வியர்வையில் சீக்கிரம் போய்விடும், நடுவே ஒரு முறை மறுபடி தடவ வேண்டும்.

இறங்கத் தொடங்குமுன் நாடாவை அவிழ்த்துக் கட்டுங்கள். குதிகாலைப் பின்னால் தட்டி, கடைசித் துளையில் ஒரு சிறு வளையம் விட்டு, எதிர் நாடாவை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது. இதைச் செய்யாதவர்களுக்குத்தான் பெருவிரல் நகம் கறுத்துப்போகிறது.

தண்ணீரும் கட்டுச்சோறும்

இந்தப் புழுக்கத்தில் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க, சோதனை நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர், அதோடு வழியில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளவும். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. ஏற்றத்துக்கு ஒன்றரை லிட்டர், உச்சியில் நிரப்பி இறக்கத்துக்கு முக்கால், பட்டணத்துக்கு முக்கால் என்று போதும். இரண்டு லிட்டருக்கு மேல் சுமந்தால் அந்த எடைக்காகவே கூடுதலாக வியர்க்கும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வரும். அதை நாவறட்சி என்று நினைத்து இன்னும் குடிப்பது ஆபத்து. ஒரு லிட்டருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற கரைசல், அல்லது மருந்துக்கடைப் பொட்டலம். 100 பிளஸ் போன்ற பானங்களில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. இரண்டு உப்புக் கடலைப் பாக்கெட்டோடு சேர்த்தால் பரவாயில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, 5:30க்கு ரொட்டி சானாயும் டாலும் தின்றுவிட்டு ஏறத் தொடங்கினால் எண்ணெய் வயிற்றிலேயே நிற்கும். இரண்டு இட்லி, வாழைப்பழம் போதும். பைக்குள் நாசி லெமாக் பொட்டலம் வேண்டாம், தேங்காய்ப்பால் சோறு வெயிலில் நாலு மணி நேரம் தாங்காது. நம் பாட்டிமார் யாத்திரைக்குக் கட்டிய புளிச்சோறு இந்த ஊர் வெப்பத்திலும் மதியம் வரை நிற்கும். உப்பும் புளிப்பும் வியர்த்த வாய்க்கு இறங்கும். உணவை ஞெகிழிப் பையில் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். பூங்கா வாசல் குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பு நன்றாகத் தெரியும். பிடுங்க வந்தால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுவதே நல்லது. கடிக்குத் தடுப்பூசி போட்டு அலைவதைவிட ஒரு வேளைச் சோறு மலிவு.

பாதியில் நிறுத்துவது

வெளியேறும் வழிகள் மூன்று: பூங்கா வாசலில் 10ஆம் எண் பஸ், உச்சியில் கேபிள் ரயில், ‘84’லிருந்து வந்த வழியே இறக்கம். முடிவெடுக்க வேண்டிய இடம் ‘84’. அங்கே 9:15க்குள் வந்து சேரவில்லையென்றால், அல்லது தண்ணீர் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால், உச்சிக்குப் போய் ரயிலில் இறங்குவது என்று அங்கேயே தீர்மானித்துவிட வேண்டும். ரயில் ஓடாத நாள் என்றால் அங்கிருந்தே திரும்ப வேண்டும். பேச்சு குழறி, நடை தள்ளாடுகிறவரை நடக்க வைக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறி, 999 அழைக்கவும்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இதே மாதிரித் தடம் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு. மலையேற்றம் 272 படிகளோடு சரி, ஆனால் வெளியேறும் வழி இதைவிடச் சுலபம்: செந்தூல், பத்து கெண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாயு, பத்துமலை என்று கொமுட்டர் ரயில் நிலையங்கள் தடத்தின் பக்கத்திலேயே வரும். ஒரே எச்சரிக்கை, பத்துமலைக்கு அருகே பெரிய நெடுஞ்சாலையைத் தரையில் கடக்க முயல வேண்டாம், நடைபாலம் எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்த பிறகு

காலணியின் உள்தகட்டைக் கழற்றி, நாடாவைத் தளர்த்தி, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிக்கவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஒரே இரவில் காயும். காடியின் பின்பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள், அந்தச் சூடு பசையையும் நுரையையும் சேர்த்தே கெடுக்கும். காய்ந்ததும் மூடிய பெட்டிக்குள் வைக்காமல் காற்றோட்டமான தட்டில் வைத்து, மாதம் இரண்டு முறையாவது போட்டுக்கொண்டு பசார் வரைக்காவது போய்வாருங்கள். அடுத்த நடைக்கு முன்னால் நகத்தால் அழுத்திப் பார்க்கும் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.